பாயோடு வாவியில் விழுந்த பேச்சாளன்

இதைப் படிக்கும் பெருமக்களே, உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். விவாத மேடைகளில் எதிரணியை நடுங்கவைத்த இந்தச் சாய்ந்தமருதுக்காரன் ஒரு தோணியில் நடுங்கிய கதை, எங்கள் வீட்டில் பல வடிவங்களில் உலவுகிறது. (உம்மாவின் வடிவத்தில் நான் அழுகிறேன். அது அவதூறு.) உண்மை இதுதான்.

ராத்தாவின், அதாவது என் மூத்த சகோதரியின், கல்யாணத்துக்கு இரண்டு நாட்களே இருந்தன. புதுவீட்டில் விரிப்பதற்காக, மணமக்கள் இருவரின் பெயரும் வைத்து இழைத்த பன்புற்பாய் ஒன்றை, வாவிக்கு நடுவே நாங்கள் பாய்த்தீவு என்றழைக்கும் இடத்தில் அவள் சொல்லிவைத்திருந்தாள். எடுத்துவர என்னை அனுப்பினார்கள். எனக்கு நீந்தத் தெரியாது. அதை ஒப்புக்கொள்ள என் கௌரவம் இடந்தரவில்லை.

தீவு கண்ணைப் பறித்தது. வேலிதோறும் சிவப்பு, பச்சை, ஊதா எனச் சாயம் தோய்த்த பன்புற்கட்டுகள். வீட்டுச் சுவர்களும் அதே நிறங்களில். (மீந்த சாயமோ என்னவோ.) நானோ, திரும்பிக் கடக்கவேண்டிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாய் இழைத்த சுபைதா மாமி அதைச் சுருட்டித் தந்தார். "மாப்பிள்ளைட பேர் சிவப்பில இருக்கு. அந்தச் சாயம் இந்தமுறை சரியாப் புடிக்கல்ல, மகன். தண்ணி பட்டாக் கரைஞ்சிரும். இன்னொண்டு இழைக்க நாளுமில்ல."

"என் நெஞ்சோடு அணைத்துக் காப்பேன், மாமி."

"கையில புடிச்சாப் போதும்."

பாதி வழியில் தோணிக்காரர் ஹனிபா காக்கா கோல் ஊன்றுவதை நிறுத்தினார்.

"தம்பி, அங்கால முதலை ஒண்டு கிடக்கு. பயப்பட ஒண்டுமில்ல. அசையாம, கதைக்காம இரிங்க."

இரண்டுமே எனக்கு ஆகாதவை. பயம் வந்தால் எனக்குப் பேச்சு வரும். பேச்சு வந்தால் கால்கள் தாமாக எழுந்துகொள்ளும். பத்து வருட மேடைப் பயிற்சி அப்படி. எழுந்தேன். "நடுவர் அவர்களே" என்று தொடங்கியதுவரை நினைவிருக்கிறது.

தோணி சரிந்தது. பாயைக் கட்டிப்பிடித்தபடி நீரில் கிடந்து, சாகப்போகிறவன்போலக் கலிமாச் சொன்னேன். முதலை எனது எந்தக் காலைத் தேர்ந்தெடுக்கும் என்பதைத் தவிர, அவ்வேளையில் என்னிடம் வேறு தலைப்பே இருக்கவில்லை. மேலிருந்து ஹனிபா காக்காவின் குரல் ஆறுதலாக வந்தது.

"தம்பி, இப்ப எழும்பி நில்லுங்க."

நின்றேன். தண்ணீர் இடுப்புக்குக் கீழே நின்றது. (கோல் தரையைத் தொடுகிறதென்றால் ஆழம் எவ்வளவு என்று ஒரு பேச்சாளன் யோசித்திருக்கலாம்.)

"காக்கா, முதலை?"

"அது நீங்க பேசத் தொடங்கினதும் போயிட்டு."

வீட்டில் பாயை விரித்தோம். பச்சையில் இழைத்த ராத்தாவின் பெயர் அப்படியே இருந்தது. மாப்பிள்ளையின் பெயரிருந்த இடத்தில் வெளிறிய திட்டு ஒன்றுதான் மிச்சம்; அதன் சிவப்பு முழுவதும் என் வெள்ளைச் சட்டைக்கு இடம்மாறியிருந்தது. ராத்தா அந்தத் திட்டை விரலால் தடவினாள், பிறகு என் சட்டையைப் பார்த்தாள். முதலைக்குக்கூட நான் அவ்வளவு அஞ்சவில்லை.

"அறையில கொண்டுபோய் விரி," என்றாள் கடைசியில். "வீடு என்ட பேரிலதானே. பாயும் அப்படியே இருக்கட்டும்."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை அங்கே குடிவருபவர். இன்றும் மச்சான் எதையாவது மறுத்துப் பேசினால் ராத்தா பதில் சொல்வதில்லை. பாயைப் பார்ப்பாள். வீடே சிரிக்கும்.

கல்யாணத்துக்கு மறுநாள், சாப்பாட்டுக்குக் கூடியிருந்த அத்தனை பேரையும் சாட்சியாக வைத்து, எழாமல் உட்கார்ந்தபடியே உரத்துச் சொன்னேன்:

"மச்சான், உங்கட பேர் மட்டும் போட்ட பாய் ஒண்டு நான் கொண்டுவந்து தருவன். அந்தத் தீவுக்குப் பாலம் கட்டின அடுத்த நாளே."