கிரைண்டர் தோஷம்

ஞாயிற்றுக்கிழமை மாலையானால் திருநகரில் ஒரு வீட்டு வாசலில் முப்பது ஜோடிச் செருப்பு கிடக்கும். கோயில் அல்ல, கல்யாண வீடும் அல்ல. அழகுராஜாவின் டயர்க் கடை லாபமெல்லாம் ஸ்பீக்கராக மாறி உட்கார்ந்திருக்கும் வீடு. அங்கேதான் நாதச் சித்தர் எழுந்தருளுவார்.

சித்தர் காவி கட்டுவதில்லை. வெள்ளை ஜிப்பா, கழுத்தில் உருத்திராட்சத்துக்குப் பதில் ஒரு பெரிய ஹெட்போன். போன வருடம் வரை மேலூரில் ராசிக்கல் விற்றுக்கொண்டிருந்தவர் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். கல்லுக்குக் கூட்டம் குறைந்ததும் கம்பிக்கு மாறிவிட்டார்.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகுமே, அந்தக் கம்பிதான். வேறு யாராவது விற்றால் அது கம்பி. சித்தர் விற்றால் 'நாதசூத்திரம்'. நாற்பத்தெட்டு நாள் இருட்டறையில் வைத்து வீணை இசை ஊட்டியதாம். ஒரு முனையில் குங்குமம் இருக்கும். பாட்டு அந்த முனையில்தான் நுழைய வேண்டும், மாற்றி மாட்டினால் பாடகருக்குத் தொண்டை கட்டிவிடும் என்றார். பாடகர் செத்து முப்பது வருடம் ஆகிவிட்டதே என்று ஒருவரும் கேட்கவில்லை.

வாராவாரம் ஒரே பூசைதான். முதலில் சாதாரணக் கம்பியில் நாகசுரம் ஓடும். "கேட்டீங்களா? செத்த நாதம்" என்பார். பிறகு தன் கம்பியை மாட்டுவார். ஆம்ப்ளிஃபயரை இரண்டு கையாலும் தொட்டுக் கும்பிடுவார். மறுபடியும் அதே நாகசுரம். "ஆகா!" என்று முப்பது தலை ஆடும். சித்திரை மாதத்து மதுரையில் ஃபேனையும் நிறுத்திவிட்டு ஆடும். காற்று பட்டால் நாதம் கலைந்துவிடுமாம்.

அழகுராஜாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனிதர் பாட்டுப் பைத்தியம். தவில்காரரின் விரல் தோலில் படுகிற சத்தம் தனியே கேட்டுவிட்டால் கண் கலங்கிவிடுவார். அந்தச் சுகம் பொய்யில்லை. அது மெய்யாக இருக்கப்போய்த்தான் சித்தர் அதன் முதுகில் ஏறிச் சவாரி போனார். அழகுராஜாவுக்கு இருந்த ஒரே குறை, தவில் அடித்தால் அறையே 'கும்'மென்று இரைவது. ஏழு கம்பி மாற்றியும் இரைச்சல் போகவில்லை.

எட்டாவது கம்பி விற்க வெட்கப்பட்டாரோ என்னவோ, சித்தர் கண்ணை மூடிக் குறி சொன்னார்.

"இந்த வீட்டுல ஒரு மோட்டார் இருக்கு. கல்லைச் சுத்துற மோட்டார். ஓடாம நின்னாலும் தோஷம். அது இருக்குற வரைக்கும் நாதம் தங்காது."

அடுப்படியில் இருந்த அழகுராஜாவின் மனைவி கனகலட்சுமி காதில் அது விழுந்தது. அந்தக் கிரைண்டரில் மாவாட்டித்தான் தெருவில் பாதி வீட்டுக்கு இட்லி மாவு கொடுத்து வந்தார். மகள் அஸ்வினி கல்லூரிக்குப் போவது அந்த மாவில்தான். டயர்க் கடைப் பணம்தான் கம்பி வழியாகப் போய்விட்டதே! அழகுராஜாவோ மறுவாரம் திங்கட்கிழமைக்கே கிரைண்டரை ஏற்றிக்கொண்டு போக வண்டி சொல்லிவிட்டார்.

சித்தர் குறி சொன்ன அன்றைக்கு மாவு வாங்க வந்திருந்தார் கனகலட்சுமியின் தம்பி முத்திருளன். அலங்காநல்லூரில் ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவர். காதுகுத்து முதல் ஜல்லிக்கட்டு வரை அவருடைய மைக்தான். வாசற்படியில் நின்று பூசையைப் பார்த்தவர் அடுப்படிக்கு வந்து குசுகுசுத்தார்.

"அக்கா, அந்தாளு கும்புடுறப்ப கட்டவெரல பாத்தியா? சத்தம் வைக்கிற திருக ஒரு மயிரிழ ஏத்துறாரு. சத்தம் லேசா கூடுனா எந்தப் பாட்டும் சொகமாத்தான் இருக்கும். கல்யாண வீட்டுல நாங்க பண்ற வேலதான இது."

"ஒங்க மச்சான்கிட்ட சொன்னா நம்பவா போறாக? சாமிய எதுத்துப் பேசாதேம்பாக."

"அப்ப கிரைண்டரு?"

கனகலட்சுமி சாமி படத்துப் பக்கம் பார்த்தார். "எதுத்துல்ல பேசக்கூடாது? பூக்கட்டிப் பாக்கலாம்ல?" என்றார்.

நல்ல காரியமோ சந்தேகமோ, அந்த வீட்டில் பூக்கட்டிப் பார்க்காமல் எதுவும் நடக்காது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் ஒரே மாதிரிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். கல்யாணமே அப்படித்தான் முடிவானது.

அடுத்த ஞாயிறு கனகலட்சுமி கைகூப்பி நின்றார்.

"சாமி, நாளைக்குக் கிரைண்டர ஏத்திவிட்டுருறேன். ஒரு தடவ பூக்கட்டிக் கேட்டுக்கிறேன். பத்துப் பொட்டலம் போடுவோம். வெள்ளப் பூ வந்தா ஒங்க கம்பி, செவப்பு வந்தா எங்க வீட்டுக் கம்பி. திரைக்குப் பின்னால மாட்டுவாக, நீங்க காதால கேட்டு எந்தக் கம்பின்னு சொல்லணும். பத்தும் ஒங்க வாயால வந்துச்சுன்னா எனக்கு மனசு ஆறிரும்."

"பூப்போடுறதுல என்ன தப்பு? நல்லதுதான?" என்றது கூட்டம்.

சித்தர் நெளிந்தார். "கம்பிய நான்தான் மாட்டணும். தொட்டுக் கும்பிடணும்."

"கும்புடு இங்கருந்தே போடுங்க சாமி. தெய்வத்துக்குத் தூரம் உண்டா?"

சித்தர் இருந்த இடத்திலிருந்தே கையைக் கூப்பினார்.

ஒரு போர்வையைத் திரையாகக் கட்டினார்கள். பின்னால் கம்பி மாட்ட முத்திருளன். சத்தத் திருகின் மேல் பிளாஸ்திரி ஒட்டியாயிற்று. திரைக்குப் பின்னாலேயே பொட்டலம் எடுத்துப் பிரித்துப் பூவைத் தட்டில் வரிசையாக வைக்க, சித்தரின் முதல் சீடரான மேலூர்க் கல் வியாபாரி தவசி. முன்னால் அழகுராஜா நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். புருவத்தில் வேர்வை சொட்டியது. அவருக்குச் சித்தர் ஜெயிக்க வேண்டும்.

நாகசுரம் ஒலித்தது. "என் கம்பி" என்றார் சித்தர். இரண்டாவது, "செத்த நாதம்". மூன்றாவதற்குத் தாடியைத் தடவினார். ஆறாவது முறை அழுதேவிட்டார்.

"இது என் பிள்ளை! நாப்பத்தெட்டு நாள் ஊட்டி வளர்த்த பிள்ளை!"

கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து அழுதார்கள்.

பத்தும் முடிந்தது. போர்வையை அவிழ்த்தார்கள். தட்டில் பூ, நோட்டில் எழுத்து. அழகுராஜா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பத்துக்கு நாலு சரி. காது கேட்காதவர் குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தால்கூட ஐந்து வந்திருக்கும். ஆறாவது இடத்தில் சிவப்பு அரளி சிரித்துக்கொண்டிருந்தது.

"நீங்க அழுதீகளே சாமி, அது போன வருசம் கிரைண்டர்ல கழட்டிப்போட்ட பழைய கம்பி" என்றார் கனகலட்சுமி. "இன்னும் மாவுகூட போகல, பாருங்க."

"பூ வாசம் நாதத்தை மறைச்சிருச்சு!" என்று எழுந்தார் சித்தர்.

முத்திருளன் பிளாஸ்திரியைப் பிய்த்தார். "கிரைண்டர் கம்பிய மாட்டியிருக்கேன். இப்பக் கேளுங்க." ஓடவிட்டார். பிறகு கம்பியைத் தொடாமல், ஆம்ப்ளிஃபயரை இரண்டு கையாலும் பயபக்தியோடு கும்பிட்டார். கட்டைவிரல் லேசாக நகர்ந்தது.

"ஆகா!" என்றது கூட்டம். சொன்ன வாயை மூட முடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

அழகுராஜா நோட்டை மூடினார். "இம்புட்டு நாளா அந்தக் கட்டவெரலுக்கா நான் காணிக்க வச்சேன்?" என்றார். எழுந்து போய் ஃபேன் சுவிட்சைப் போட்டார். அந்தக் காற்றில் நாதம் கலையவில்லை. சித்தர்தான் கலைந்தார், பையில் கம்பிகளைத் திணித்துக்கொண்டு. இப்போது வேறு ஊரில் தண்ணீருக்கு இசை ஊட்டிப் பாட்டிலில் விற்பதாகக் கேள்வி.

முத்திருளன் மூலையில் சுவரோடு ஒட்டியிருந்த ஸ்பீக்கர்களை இரண்டடி முன்னால் இழுத்தார். பின்சுவரில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டார். "இப்ப தவிலப் போடுங்க மச்சான்." இரைச்சல் காணாமல் போயிருந்தது. விரல் தோலில் படுகிற சத்தம் தனியே கேட்டது. அழகுராஜா மனைவியை நிமிர்ந்து பார்க்க முடியாமல், வண்டிக்காரருக்குப் போன் போட்டு நாளைக்கு வர வேண்டாம் என்றார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஊர் திருந்திவிட்டது என்று நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். செருப்பைத் தேடிக்கொண்டிருந்த தவசி திரும்பி அடுப்படிப் பக்கம் வந்தார். ரகசியமாகக் கேட்டார்.

"தங்கச்சி, சித்தரையே அழ வச்ச கம்பியில்ல அது? சக்தி இல்லாமயா அழுதாரு? அந்தக் கிரைண்டர் கம்பி எனக்கு ரெண்டு மீட்டர் கெடைக்குமா?"

கனகலட்சுமி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கம்பி கெடக்கட்டும்ணே. ரெண்டு காதுக்கும் நடுவுல ஒண்ண சும்மா போட்டு வச்சிருக்கீகளே, மொதல்ல அதுக்குக் கரண்டு குடுங்க."