திறந்த பெட்டியைத் திறக்காத தீர்மானம்

உண்மைக்கு அஞ்சாத ஒரே இனம் இயற்பியல் அறிஞர்கள்தான். அஞ்ச வேண்டிய உண்மைகளை அவர்கள் வெளியே விடுவதேயில்லை.

அந்த ஆய்வுக்கூடத் தலைவரின் கொள்கை எளிமையானது. பெரிய அணுக்கருக்கள் இரண்டு மோதினால் கொதிக்கும் குழம்பு உண்டாகும். அதில் குவார்க் என்னும் நுண்துகள்களின் கனத்த ஜோடிகள் பிரிந்துபோகும். ஒற்றைப் புரோட்டான் போய் ஓர் அணுக்கருவில் முட்டும் சிறிய மோதலில் ஒன்றுமே நடக்காது. இந்த 'ஒன்றுமே'யை வைத்தே மனிதர் விருதுகளாக வாங்கிக் குவித்திருந்தார்.

அதைச் சோதித்துப் பார்த்தவள் ஓர் ஒப்பந்த ஆய்வாளர். முடிவு வெளிவந்தால்தான் அவளுக்கு வேலை நீளும். வேலை நீண்டால்தான் வேறு ஊரில் அப்பாவோடு இருக்கும் மகளைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள முடியும். ஆசை கணக்கை வளைத்துவிடக் கூடாதென்று, அங்கே விடையை யார் கண்ணிலும் படாமல் கணினியில் பூட்டிவைத்துவிட்டுத்தான் வேலை செய்வார்கள். கடைசியில் எல்லோர் முன்னிலையிலும் 'பெட்டி திறப்பு' நடக்கும்.

திறந்தார்கள். இறுகப் பிணைந்த ஜோடிகள் பெரும்பாலும் தப்பியிருந்தன. தளர்வாகப் பிணைந்தவற்றில், அந்தச் சிறிய மோதலிலேயே, பாதிக்கு மேல் காணவில்லை. தலைவர் முகம் விளக்கெண்ணெய் குடித்தாற்போல் ஆயிற்று.

"மூடிருங்க," என்றார்.

"பாத்தாச்சே சார்," என்றாள் அவள்.

"பாக்கலைன்னு ஒரு தீர்மானம் போட்டா தீந்தது."

புள்ளியியல் நிபுணர் எழுந்தார். "நான் கண்ணாடியே போடலை. எனக்குச் சுவருதான் தெரிஞ்சுது." உடனே அவரை நடுநிலைச் சாட்சியாக நியமித்தார்கள்.

"உன் வேலை நீட்டிப்பு என் கையிலதாம்மா இருக்கு," என்றார் தலைவர், பாசம் பொங்க. மகளை நினைத்தாள். கையைத் தூக்கினாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஒப்பந்தம் முடிந்ததும், 'இவர் காலத்தில் முடிவு எதுவும் எட்டப்படவில்லை' என்று நீட்டிப்பை மறுத்தார்கள். கொஞ்ச நாளில் வேறொரு நாட்டுக் குழு அதே விடையை அறிவித்தது. தலைவர் பதறியடித்துக்கொண்டு பெட்டியை மறுபடியும் 'முதன்முறையாக'த் திறந்தார். நிபுணர் மறக்காமல் கண்ணாடியோடு வந்தார். கட்டுரை வெளியானது, வாசல் காவலரைத் தவிர அத்தனை பேர் பெயரும் இருந்தது. அவள் பெயர் இல்லை.

போன் செய்தாள். "என் பேரு எங்க சார்?"

"விடையை முன்னாடியே பாத்தவங்க நடுநிலை இழந்தவங்கம்மா. விதி இடம் தராது."

"நீங்களும்தானே பாத்தீங்க?"

"யாரும் பாக்கலைன்னு தீர்மானம் இருக்கே."

"அப்ப நானும் பாக்கலையே சார்."

"பாத்தாச்சுன்னு வாயத் தொறந்து சொன்னது நீ ஒருத்திதானேம்மா."