பாதிச் சவரம்

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர், வக்கீல் அவர்களுக்கு, உங்கள் அத்தான் சலூனிலிருந்து எழுதுவது. நீங்களும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானாகவே முடிவுசெய்துகொண்டேன். இங்கே நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா ஓட மறுக்கிறது. எல்லாம் கெட்டுவிட்டது மாப்பிள்ளை. உடனே கிளம்பி வாருங்கள்.

என் கடைக்கு ஆட்கள் முடி வெட்டவா வருகிறார்கள்? பேச வருகிறார்கள், வந்த இடத்தில் முடியையும் வெட்டிக்கொள்கிறார்கள். ஒருநாள் தேர்தல் பேச்சு சூடு பிடித்தபோது, பெஞ்சில் இஸ்திரிச் சட்டையோடு இருந்த புதியவர் ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்து ஒருமுறை இருமினார். அவ்வளவுதான், ஆள் மேலிடத்திலிருந்து வந்தவர் என்று பயந்துவிட்டேன். (அவர் பல் டாக்டரின் கம்பவுண்டர், அவருக்கு ஜலதோஷம் என்பது பிறகுதான் தெரிந்தது.) அன்றே "இங்கே அரசியல் பேசக்கூடாது" என்று போர்டு எழுதிக் கண்ணாடிமேல் மாட்டினேன். மறுநாள் ஒருவர் மழையைப் பற்றி ஆரம்பித்தார். மழை சாக்கடைக்குப் போனது, சாக்கடை நகராட்சிக்குப் போனது. உடனே மழைக்கு ஒரு போர்டு. பிறகு ரோட்டுக்கு, கொசுவுக்கு, சோப்பு விலைக்கு. கடைசியில் உட்கார்ந்தவர்களுக்குக் கண்ணாடியில் மூக்குக்குக் கீழேதான் தெரிந்தது. உங்கள் அக்கா சாப்பாட்டுக் கேரியரை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "யாரு இதெல்லாம் மாட்டச் சொன்னது?" என்றாள். "யாரும் சொல்லலை. சொல்றதுக்கு முன்னாடியே மாட்டிட்டா நல்லதுதானே?" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் தேவலை. நகராட்சி அதிகாரி முடி வெட்ட வந்தார். நான் பயந்ததே இந்த மாதிரி ஆளுக்குத்தான். அவரோ போர்டுகளை ஒன்றுவிடாமல் படித்து, "அருமையான யோசனை! எங்களுக்குத் தோணாமப் போச்சே!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த வாரமே உத்தரவு வந்துவிட்டது. தெருவில் எல்லாக் கடைகளிலும் அதே போர்டுகள், என் கோணல் எழுத்தை அப்படியே அச்சடித்து. மீறிப் பேசினால் பேசியவர்மேல் விசாரணை, கடைக்குச் சீல். இப்போது டீக்கடையில் ஆட்கள் டம்ளரையே பார்த்துக் குடிக்கிறார்கள். மருந்துக் கடையில் வயிற்றுவலி என்று வாய்விட்டுச் சொல்வதில்லை, குழாய்த் தண்ணீரைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று வயிற்றைத் தொட்டுக் காட்டுகிறார்கள். ஒரு இருமலுக்குப் பயந்து நான் ஊர் வாயையே பூட்டிவிட்டேன். போர்டைக் கழற்றலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறினேன். கழற்றுவதும் குற்றமாம்.

என் சிநேகிதர், அந்த ரிட்டயர்டு பஸ் டிரைவர், உங்களுக்குத் தெரியும். வண்டி ஓட்டிய காலத்தில் ஹாரன் அடிக்கக்கூட யோசித்தவர். போன வாரம் ஷேவிங்குக்கு உட்கார்ந்தார். ஒரு கன்னம் முடிந்திருந்தது. வாசல் பள்ளத்தில் ஸ்கூட்டரோடு ஒரு அம்மா விழுந்த சத்தம் கேட்டது. இவர் நுரையோடு எழுந்து நின்று, "ரோட்டுப் பணத்தைத் தின்னுட்டு நம்மள வாயை மூடச் சொல்றானுங்க. இதைச் சொல்லக்கூட எனக்கு உரிமை இல்லையா?" என்று கத்தினார். பெஞ்சில் நகராட்சி ஆள் இருந்தான். துண்டைக்கூட எடுக்க விடாமல் கூட்டிக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் விட்டார்கள், வெள்ளிக்கிழமை விசாரணை என்று சொல்லி. "வாங்க, மிச்சத்தை முடிச்சுடறேன்" என்று கூப்பிட்டேன். "வேண்டாம்பா. நான் சொன்னதை மனுஷன் சொல்லலாம்னு அவங்க ஒத்துக்கற வரைக்கும் இந்தக் கன்னம் இப்படியே இருக்கட்டும்" என்றார். ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் தாடி. அப்படியே தெருவில் நிமிர்ந்து நடக்கிறார். சின்னப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்கு அழுகைதான் வருகிறது.

மாப்பிள்ளை, ரோட்டுப் பணத்தை யார் தின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னது தப்பாகவே இருக்கட்டும். தப்பாகச் சொன்னால் பக்கத்து நாற்காலிக்காரர் மறுத்துப் பேசுவார். அப்படி மறுத்து மறுத்துத்தானே இத்தனை வருடம் கடை நடந்தது? மனதில் பட்டதைச் சொல்ல ஒரு மனிதன் யாரிடம் போய் அனுமதி கேட்பது? நான்தான் சாட்சி. போர்டு என் பயத்தில் எழுதியது, பேச்சு அவருடைய உரிமை என்று அதிகாரி முகத்துக்கு நேராகச் சொல்லப்போகிறேன். தூக்கம் போய்விட்டது. ஆனாலும் சொல்வேன். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி, நடுவில் இருக்கும் உங்களுக்கு என் மன்றாட்டு.

இப்படிக்கு,
வாய் திறக்கத் துணிந்துவிட்ட
உங்கள் அத்தான்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் நகராட்சி ஆள் வந்துவிட்டான். விசாரணையை இன்றைக்கே வைத்துவிட்டார்கள். மேஜைமேல் என் கடை லைசென்ஸ் கிடந்தது. அதிகாரி அதைத் தொடக்கூட இல்லை. "உங்க கடையிலதானே பேசினாரு?" என்று தன்மையாகத்தான் கேட்டார். மேலே எழுதியதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நான் போர்டு மாட்டியிருந்தேன் சார். மீறிப் பேசினது இவருதான்" என்று வந்தது. சிநேகிதர் என் பக்கம் திரும்பவே இல்லை. சாயங்காலம் கடைக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, "மிச்சத்தையும் எடுத்துடு" என்றார். எடுத்தேன். முடிக்கும்வரை நான் ஏதேதோ பேசிப் பார்த்தேன், அவர் போர்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம்.