இறால் தொக்கும் ஒரு லா பாயிண்ட்டும்

தண்டையார்பேட்டையில் வயிற்றுப்போக்குக்கு மாத்திரை போட்டவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அதற்குச் சாட்சி பிடித்து வைத்துக்கொண்டவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் இருந்தது. தெருவுக்கு அவர் 'லா பாயிண்ட்'.

படித்தது எட்டாவது. தொழில், லேத் பட்டறையில் இரும்பு கடைவது. ஒருமுறை யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகையில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்று அச்சடித்திருந்தது. பட்டறை ஆட்கள் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு போய் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். பெண்ணின் சித்தப்பா முறைத்தபோது பத்திரிகையை நீட்டி, "எய்த்துல கீது சார்" என்றார். அப்புறம் யாரும் அவரை எழுப்பவில்லை.

நான் எதிர்வீடு. சாத்தாங்காட்டில் ஒரு இரும்புக் கடையில் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் லா பாயிண்ட்டோடு அண்ணாச்சி மெஸ்ஸுக்குப் போனேன். அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். இங்கே வந்து இருபது வருஷமாகியும் பேச்சு மட்டும் இன்னும் ரயில் ஏறவில்லை. அன்று ஸ்பெஷல் இறால் தொக்கு. புரட்டாசி என்பதால் நான் சாம்பார். லா பாயிண்ட் இரண்டு கப் வாங்கினார். ஒன்று சாப்பிட, ஒன்று பார்சல். வழக்கம்போல பில் கேட்டார். அண்ணாச்சி எழுதிக் கொடுத்தார். "சீல் எங்க?" என்றார். அதையும் குத்திக் கொடுத்தார் அண்ணாச்சி, பாவம்.

சாயங்காலம் லா பாயிண்ட் அரசு ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸோடு படுத்திருந்தார். கண்கள் குழிக்குள் போயிருந்தன. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"நைனா, உன் வவுறு எப்டி கீது?"

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே."

"சூப்பரு. நீதான் சாட்சி. அதே சோறு, அதே தண்ணி, அதே மோரு. நீ சாம்பாரு, நான் இறாலு. நீ நின்னுகினு கீற, நான் படுத்துகினு கீறேன். அப்போ தப்பு எதுல கீது?"

உடம்பு நன்றாக இருந்ததற்காக நான் ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டது அப்படித்தான்.

டாக்டர் வந்து, "எத்தனை தடவை போச்சு?" என்று கேட்டார். லா பாயிண்ட் தலையணைக்கடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "பதினாலு. டைமு போட்டு எய்தி வச்சிகீறேன்." டாக்டர் முழுவதையும் படித்துவிட்டு, கேஸ் ஷீட்டோடு சேர்த்துப் பின் அடித்தார்.

அதே சாயங்காலம் பெண்கள் வார்டில் கனகாக்காவையும் சேர்த்திருந்தார்கள். மெஸ்ஸில் பாத்திரம் தேய்ப்பவர். பந்தி முடிந்து சட்டியில் மிஞ்சுவது அவர் பங்கு. அன்று மிஞ்சியது தொக்கு. மறுநாள் காலையில், வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை என்று, தானாகவே வீட்டுக்குப் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து போனார். லா பாயிண்ட் வராந்தாவில் நின்று பார்த்தார். சட்டம் எதுவும் பேசவில்லை. உடம்பு இன்னும் சரியாகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு திரும்பியதும் பார்சல் தொக்கைத் தூக்கிக்கொண்டு உணவுப் பாதுகாப்பு ஆபீசுக்குப் போனார். "நாங்க வந்து எடுத்தாத்தான் சாம்பிள். நீங்க கொண்டுவந்தா அது குழம்பு" என்று திருப்பி அனுப்பினார்கள். அதனால் அது எங்கள் வீட்டு ஃப்ரீசருக்கு வந்தது. டப்பாமேல் 'சாட்சி, தொடாதே' என்று எழுதியிருந்தார். ஊரிலிருந்து வந்த என் மனைவி, "நீங்க சாட்சியா, அது சாட்சியா? ரெண்டுல ஒண்ணுதான் இந்த வூட்ல இருக்கலாம்" என்றாள். நான் இருந்தேன். தொக்கு குப்பைக்குப் போனது.

ஆனால் அதிகாரிகள் மெஸ்ஸுக்குப் போனார்கள். ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று எழுதி வைத்தார்கள். அந்தக் காகிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, சீல் வைத்த பில், ஆரோக்கியமான நான் என்று எல்லாவற்றையும் சேர்த்து லா பாயிண்ட் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். வக்கீல் வைக்கவில்லை.

வழக்குப் போட்ட மறுநாள் காலை மெஸ்ஸில் போய் உட்கார்ந்தார்.

"என்னவே, என் கடை மேல கேஸப் போட்டுட்டு இங்கேயே வந்து உக்காந்திருக்கீரு?" என்றார் அண்ணாச்சி.

"கேஸு இறால் மேல. இட்லி இன்னா பண்ணிச்சு? நாலு வையி."

அண்ணாச்சி நாலு வைத்தார். இந்த வயிற்றுக்கு இன்னொரு முறை ஏதாவது ஆனால் இரண்டாவது கேஸ் வரும் என்ற பயத்தில் சட்னியைத் தானே ருசி பார்த்துவிட்டு ஊற்றினார். வாய்தா அன்று இருவரும் ஒரே பஸ்ஸில் போவார்கள். யார் டிக்கெட் எடுப்பது என்று சண்டை. வாதி எடுத்தால் தப்பில்லை, பிரதிவாதி எடுத்தால் அது லஞ்சம் என்பது லா பாயிண்ட்டின் கட்சி.

என் சாட்சியம் அரை நிமிஷத்தில் முடிந்தது. "நல்லா இருக்கீங்களா?" என்றார்கள். "நல்லா இருக்கேன்" என்றேன். பிறகு அண்ணாச்சியின் வக்கீல் எழுந்து லா பாயிண்ட்டை மடக்கினார்.

"இப்பவும் அந்த மெஸ்ஸில்தான் சாப்பிடுறீங்களா?"

"ஆமா சார்."

"கடைசியா எப்போ?"

"இன்னிக்குக் காலைல. பொங்கலு."

"எப்படி இருந்தது?"

வழக்கே போய்விடும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்த மாதிரி பொங்கல் இந்த ஏரியாவுல கெடையாது சார். பொய் சொல்ல மாட்டேன். ஆனா லேத்துல நூறு பீஸ் கரீட்டா கடைஞ்சிட்டு ஒண்ணு தப்பா கடைஞ்சா, அந்த ஒண்ணுக்கு நான்தான பதில் சொல்லணும்?"

வக்கீல் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் அண்ணாச்சி எழுந்துவிட்டார். "அய்யா, அன்னைக்கு ஃப்ரிட்ஜு ஓடாம ரெண்டு நாளாச்சு. இறாலு முந்தின நாள் வாங்குனது. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. தப்புதான்." வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

இருபதாயிரம் நஷ்டஈடு, ஃப்ரிட்ஜை உடனே சரிசெய்ய வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அண்ணாச்சி பழையதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாகவே வாங்கினார். மெஸ்ஸில் வைத்துப் பணத்தையும் கொடுத்தார். லா பாயிண்ட் அதை எண்ணக்கூட இல்லை. பின்கட்டுக்குப் போய், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கனகாக்காவின் முன்னால் நீட்டினார்.

"எனக்கு எதுக்குண்ணே?"

"உனுக்கும்தான வவுறு வலிச்சிது? உன் பேர்லதான் கேஸ் போடணும்னு மொதல்ல கோர்ட்டு ஆபீசுல கேட்டேன். மிச்சம் துன்னவங்களுக்குப் பில்லு இல்ல, பில்லு இல்லாதவங்க நுகர்வோர் இல்லன்னுட்டாங்க. அதான் என் பில்லுல போனேன். ஈரக் கைய தொடைச்சிட்டு இதுல கையெய்த்துப் போடு."

ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, ரசீது தயாராக வைத்திருந்தார். கனகாக்கா அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார். "ஸ்டாம்ப் மேல படணும்" என்று விரலால் இடம் காட்டினார் லா பாயிண்ட்.

போன வருஷம் லா பாயிண்ட்டை அவர் மகள் புழலில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டாள். போன வாரம் மெஸ்ஸில் கூட்டம். அண்ணாச்சி ரச வாளியோடு என் இலைமுன் நின்றார்.

"அந்த மனுசன் போனதுலருந்து ஒருத்தனும் ஒரு குறை சொல்ல மாட்டேங்கான் தம்பி. சோறு சரியா இருக்கா இல்லியான்னே தெரிய மாட்டேங்கு."

ரசத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

"உப்பு கொஞ்சம் கம்மி அண்ணாச்சி" என்றேன். அவர் முகம் மலர்ந்துபோனது.