எட்டுக் குண்டூசி

அந்த அலுவலகத்தில் மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை போக்கர் சீட்டு ஆடுவது நிர்வாக நலன் கருதி அனுமதிக்கப்பட்டிருந்தது. அனுமதித்தவர் யார் என்று சொல்லும் கோப்பு மட்டும் கிடைக்கவில்லை. காசு வைத்து ஆடினால் சூதாட்டம், ஆகவே குண்டூசி. ஒரு குண்டூசிக்கு ஒரு நாள் விடுப்பு.

தபால் பிரிவு அக்காவிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு குண்டூசி. மகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது. எட்டு நாளாவது வேண்டும்.

அக்காவுக்குச் சீட்டு ராசி கிடையாது. ஆனால் பதினெட்டு வருடமாக, உறையைப் பிரிக்காமலே உள்ளே இருப்பது மிரட்டலா கெஞ்சலா என்று சொல்லிவிடுகிறவள். அவள் சீட்டைப் பார்க்கவில்லை. பந்தயம் வைக்கும் விரலைப் பார்த்தாள். கண்காணிப்பாளருக்கு நல்ல சீட்டு வந்தால், தூங்கும் குழந்தையை நகர்த்துவதுபோல் ஒரு குண்டூசியை மெல்லத் தள்ளுவார். ஒன்றுமே வராவிட்டால் மூன்றைப் போட்டுவிட்டுக் கனைப்பார். அவர் கனைத்தபோதெல்லாம் அக்கா துணிந்து எதிரே வைத்தாள். ஒரே வாரத்தில் ஒன்று நான்காயிற்று.

கண்காணிப்பாளர் இயக்குநரிடம் ஓடினார்.

"சார், அந்தக்கா சீட்டு ஆடல. நம்மளப் படிக்கிறாங்க!"

"யார் அனுமதி கொடுத்தா?"

"அதான் சார் எனக்கும் புரியல."

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. ஊழியர் ஒவ்வொருவரும் தாம் பந்தயம் வைக்கும் பழக்கத்தை மூன்று பிரதிகளில் அறிவிக்க வேண்டும். பழக்கத்தை மாற்ற விரும்புவோர் பதினைந்து நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். 'வெறுங்கை எனில் கனைப்பேன்' என்று கண்காணிப்பாளர் எழுதிக் கையொப்பமிட்டார். பொய் சொல்லும்போது காது சிவக்கும் என்று எழுதிய ஓட்டுநரிடம் மருத்துவச் சான்று கேட்டார்கள்.

அடுத்து, முகபாவ நிபுணர் ஒருவர் வந்து அரை நாள் பயிற்சி கொடுத்தார். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் மறுநாள் அலுவலகமே கறுப்புக் கண்ணாடி போட்டது. இரண்டு பேர் படியில் உருண்டார்கள். ஒருவர் தன் இடமாற்ற உத்தரவில் தானே கையொப்பமிட்டுவிட்டார்.

நிலைமையை நேரில் ஆய்வு செய்ய இயக்குநரே ஆட உட்கார்ந்தார். மற்றவர்கள் மரியாதையாகச் சீட்டைக் கவிழ்த்தார்கள். மிஞ்சியவள் அக்கா மட்டும். கையில் ஒரு ஜோடி ஐந்து.

இயக்குநர் நான்கு குண்டூசியை நடுவில் வைத்தார்.

"நிர்வாக நலன், பொது நலன், எதிர்காலத் தலைமுறையின் நலன் ஆகிய அனைத்தையும் கருத்தில் கொண்டு, உரிய பரிசீலனைக்குப் பிறகு, இந்த நாலையும் வைக்கிறேன்."

"அக்கா, விலகிடுங்க. பெரியவர் சும்மா வைப்பாரா?" என்று கண்காணிப்பாளர் காதைக் கடித்தார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். இந்த மனிதரின் கடிதங்களைப் பதினெட்டு வருடமாக அனுப்புகிறவள் அவள். அதிகாரம் இருந்தால் ஒரு வரி எழுதுவார். இல்லாவிட்டால் மூன்று பக்கம்.

"நானும் நாலு சார்."

இயக்குநர் கையை விரித்தார். ஒன்றோடொன்று முகங்கொடுத்துப் பேசாத ஐந்து சீட்டுகள். ஒரு ஜோடிகூட இல்லை; எட்டுக் குண்டூசியும் அக்காவுக்கு.

சாயங்காலமே அக்காவுக்கு உத்தரவு வந்தது. அவள் வெற்றி கொள்கையளவில் ஏற்கப்படுகிறதாம். விடுப்பு மட்டும் குழு அமைத்துப் பரிசீலிக்கப்படுமாம். அதுவரை இருக்கையை விட்டு நகரக் கூடாதாம். அக்கா பக்கங்களை எண்ணினாள்.

"மூணு பக்கம். கையில ஒண்ணுமில்ல."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேரே பேருந்துக்குப் போனாள்.

பேத்தி பிறந்தாள். எட்டு நாளும் அக்கா சந்தோஷத்தில் பறந்தாள்.

ஒன்பதாம் நாள் பதில் ஒன்றைத் தயார் செய்துகொண்டு உள்ளே வந்தாள். விளக்கம் கேட்பார்கள், இருக்கையைப் பறிப்பார்கள். மேசையில் எட்டு நாள் தபால் பிரிக்கப்படாமல் குவிந்திருந்தது. பாதிக்குமேல் 'மிக அவசரம்'. எவரும் தேடவில்லை. ஒரு தொலைபேசிகூட வந்திருக்கவில்லை.

கண்காணிப்பாளர் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னக்கா, நேத்து கொஞ்சம் சீக்கிரமே கிளம்பிட்டீங்க போல?"

அக்கா மெதுவாக உட்கார்ந்தாள். அந்தக் குவியலைப் பார்த்தாள். இத்தனை வருடமாக வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தது யார் யாரெல்லாம் என்று மனம் ஒரு சுற்று எண்ணிக்கொண்டு போய், கடைசியில் அவளிடமே வந்து நின்றது.

முத்திரையை எடுத்தாள். மேலே இருந்த கடிதத்தில் 'மிக மிக அவசரம்' என்று ஓங்கிக் குத்தினாள்.

பிறகு, கனைத்துக்கொண்டாள்.