ரவைக்கஞ்சிப் பத்தியம்

நாகராஜன் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். இன்றைக்கும் ரவைக்கஞ்சிதான். நெய்யில் சிவக்க வறுத்து, சீரகமும் இஞ்சியும் தட்டிப்போட்டு, கொழகொழவென்று.

"வள்ளி, ஒரு கைப்பிடி சோறு குடேன். கொழம்பு கூட வாணாம்."

"வைத்தியரு இன்னா சொன்னாரு? உங்க வயித்துல அக்கினி மந்தம். ரவையை வறுத்துக் காச்சினா லேசா செரிக்கும்னாரா, இல்லியா? குடிங்க."

இந்த வம்பை நாகராஜனே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தார். சாப்பிட்டது எதுவும் ஒத்துக்கொள்ளாமல் வள்ளியம்மாள் துவண்டு கிடந்தாள் என்று திருத்தணிக்கு, ஆயுர்வேத வைத்தியர் பெருமாளிடம் கூட்டிப் போனார். உள்ளே அவளைப் பார்த்து முடித்த வைத்தியர் வெளியே வந்தார். சும்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாகராஜனின் கையைப் பிடித்து நாடி பார்த்தார், உச்சுக் கொட்டினார். அவளுக்கு ஒரு லேகியம், இவருக்குப் பத்தியம்!

ஆர்.கே.பேட்டையில் பொழுதுக்கும் பவர்லூம் ஓட்டுகிறவர் நாகராஜன். கல்லைத் தின்றாலும் செரிக்கும் உடம்பு. ஆனாலும் நாடி பார்த்த மனிதரிடம் யார் வாதாடுவது?

ஒரே ஆறுதல், வள்ளியும் சோற்றைத் தொடவில்லை. "நீங்க கஞ்சி குடிக்கச்சொல்லோ எனக்கு மட்டும் சோறு எறங்குமா?" என்று எதிரில் உட்கார்ந்து அவளும் ஒரு கிண்ணம் குடித்தாள். இப்படி ஒரு பெண்டாட்டி எவனுக்கு வாய்க்கும் என்று அவருக்குக் கண் கலங்கியது. ஆனால் நாக்குக்கு அதெல்லாம் தெரியுமா?

முதலில் ஒரு பொய் சொல்லிப் பார்த்தார். "எனக்கு சரியாப் பூடுச்சு வள்ளி. பசி வயித்தைக் கிள்ளுது."

அவள் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, கஞ்சி வேலை செய்யுது! இன்னும் பத்து நாளைக்கு வெச்சிடறேன்."

மறுநாள் மாற்றிச் சொன்னார். "கஞ்சி குடிச்சா வயிறு கல்லு மாதிரி கீது."

அவள் பதறிப்போய் வைத்தியருக்குப் போன் போட்டாள். "ரவை இன்னும் நல்லா வறுபடணுமாம். கூட ஒரு கிண்ணம் சேத்துக்கணுமாம்."

கடைசியாக முருகனைப் பிடித்தார் நாகராஜன். கிருத்திகை வந்தது. "இன்னிக்கு நான் விரதம். ஒண்ணும் வாணாம். திருத்தணி மலைக்குப் போயி சாமி பாத்துட்டு வரேன்." விரதம் மலை இறங்கும்வரைதான், அப்புறம் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் முழுச் சாப்பாடு என்பது திட்டம்.

"ஆங், நானும் வரேன்" என்றாள் வள்ளி. "விரதத்துக்கு சோறுதான் ஆவாது. பலகாரம் துன்னலாம்." ரவை உப்புமா கிண்டித் தூக்கில் எடுத்துக்கொண்டாள்.

மலையில் முருகனைப் பார்த்துக்கொண்டே உப்புமாவை விழுங்கினார். கீழே இறங்கியதும், வள்ளி பூ பேரம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நழுவி, வைத்தியர் வீட்டுக்கு ஓட்டமாய் ஓடினார்.

வைத்தியர் இல்லை. மருந்து சலிக்கும் ஞானம்மாள் மட்டும் வாசலில் இருந்தாள்.

"அம்மா, அவருகிட்ட சொல்லி என் பத்தியத்தை நிறுத்தச் சொல்லுங்க. எனக்குக் கூட பரவால்ல. பாவம் வள்ளி, எனக்கோசரம் அதுவும் கஞ்சியே குடிச்சிகினு கீது."

ஞானம்மாள் சல்லடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பத்தியம் அக்காவுக்குதான் அண்ணே, தனியா குடிக்க மாட்டேன்னு அது உள்ள உக்காந்து அழுதுச்சு, அதான் வைத்தியரு வெளிய வந்து உங்க கையப் புடிச்சாரு."