வாய்க்காலில் ஊறிய தைவான் சக்கரம்

ஆனி 28

தைவானில் இருக்கும் மாப்பிள்ளை பிரபுவுக்கு, கூத்தாநல்லூருக்குக் கிழக்கே நீ பிறந்த ஊரிலிருந்து உன் தாய்மாமன் துரைராசு சொல்ல, மருமகள் கலைமகள் எழுதுவது. உன் நலத்துக்கும், உன்னோடு இருக்கும் என் தங்கை தங்கமணியின் முழங்கால் நலத்துக்கும் எல்லையம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. சதீஷின் இடது தோள், கண்ணாத்தாள் வீட்டு அம்மி, நீ அனுப்பிய பின்சக்கரம், இந்த மூன்றையும் தவிர மற்றதெல்லாம் சுகம்.

கஜா புயல் அடித்து ஏழாவது வருஷம், திருவாரூரில் ஆழித்தேர் ஓடி நிலைக்கு வந்த மறுவாரம், நம் வீட்டுச் செவலை கிடேரிக் கன்று போட்ட அன்றைக்குத்தான் உன் சைக்கிள் பெட்டி வந்தது. கன்று போட்ட நல்ல நாளில் வந்ததே என்று நானும் மகிழ்ந்தேன், என் புத்தி அப்படி. மலையில் முரட்டுத்தனமாகச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காக உன் கம்பெனி கார்பனில் செய்த சக்கரம், நம் ஊர் வெயிலிலும் சேற்றிலும் ஓட்டிப் பார்த்து, கூட வந்த தாளில் பதில் எழுதி ஆடிப் பதினெட்டுக்குள் அனுப்ப வேண்டும் என்று சொன்னாய். அறுவடை மெஷின் ஓட்டுகிற என் மகன், உன் மச்சான் சதீஷ் ஒரே குதியாகக் குதித்தான். கலைமகள் சக்கரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். பழம் நசுங்கவில்லை, சக்கரம் அவ்வளவு லேசு. அப்போதே எனக்கு மனசுக்குச் சரியாகப் படவில்லை.

தாளில் முதல் கேள்வி, பாறைகள்மேல் ஏறி இறங்கும்போது சக்கரம் எப்படி இருந்தது என்பது. மாப்பிள்ளை, நீ இந்த ஊரில்தானே பிறந்தாய்? ஆறு கொண்டுவந்து கொட்டிய மண் இது, காக்காயை விரட்டக்கூட ஒரு கல் அகப்படாது. நம் ஊரில் பாறை என்றால் அம்மி, ஆட்டுக்கல், சர்வேக்கல், இவ்வளவுதான். சர்வேக்கல்லைப் பிடுங்கினால் கேஸாகும் என்பதால் சதீஷ் வீடுவீடாகப் போய் அம்மியும் ஆட்டுக்கல்லுமாகப் பதினாலு கல்லை இரவல் வாங்கி, களத்தில் வரிசையாகப் போட்டு, தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு அதன்மேல் ஏறினான். ஊரே வேடிக்கை பார்த்தது. சக்கரத்துக்கு ஒரு கீறல் இல்லை. கண்ணாத்தாளின் அம்மி ஆட்டுக்கல்லிலிருந்து புரண்டு இரண்டாகப் பிளந்தது. “சக்கரத்துக்கு ஒண்ணும் ஆவல அத்தே!” என்று இவன் சந்தோஷமாகக் கத்துகிறான். அவள், “என் கல்யாணத்துல நான் மிதிச்ச அம்மிடா அது! போ, இனிமே அந்தச் சக்கரத்துலயே மிளகா அரைச்சுக் குடு!” என்று உடைந்த பாதியை நம் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தாளில் ‘சேதம்’ என்று கேட்ட இடத்தில் ‘அம்மி ஒன்று’ என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது கேள்வி, உயரத்திலிருந்து குதிப்பது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் உயரம் ஏது? ரயில் மேம்பாலத்திலிருந்து குதிப்பதாகச் சொன்னவனைக் கலைமகள் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தாள். கடைசியில் நம் வாய்க்கால் மதகின் கட்டைச்சுவரிலிருந்து, காய்ந்து கிடந்த வாய்க்காலுக்குள் குதித்தான். சக்கரம் நேராக இறங்கி நின்றது. சதீஷ் நிற்கவில்லை. திருவாரூருக்குக் கொண்டுபோய்த் தோளுக்குக் கட்டுப் போட்டு, ஆறு வாரம் அசையக் கூடாது என்றார்கள். அன்று நீ போனில் என்ன கேட்டாய்? “மாமா, சக்கரம் நல்லாருக்கா?” என்று கேட்டாய். பிறகுதான் தோளைக் கேட்டாய். உடனே, “இந்த மாதிரிச் சக்கரம் உலகத்துலயே நாலு ஜோடிதான் மாமா இருக்கு. இதுல ஒண்ணு காணாமப் போனாலோ, தாள் வராமப் போனாலோ என் வேலை போயிடும். யாராவது ஓட்டி முடிச்சுக் குடுங்க மாமா” என்றாய். தங்கமணி பின்னாலிருந்து, “அண்ணே, என் புள்ளைக்காகண்ணே” என்றாள். தங்கச்சி கேட்டு நான் எதை இல்லை என்று சொன்னேன்? எழுபத்தொன்பது வயதில் சைக்கிளில் ஏறினேன்.

அது சைக்கிளா மாப்பிள்ளை? கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெல் இல்லை, மட்கார்டு இல்லை. ஒன்றரை மூட்டை நெல்லைக் கட்டிக்கொண்டு குடவாசல்வரை மிதித்தவன் நான், ஒரு புல்லுக்கட்டை வைக்க இதில் இடம் தேடினேன். ஹேண்டில்பாரில் கட்டினால் எதிரில் வருவது தெரியவில்லை. அதையும் பொறுத்தேன். பொறுக்க முடியாதது அந்தச் சத்தம். மிதிப்பதை நிறுத்தினால் போதும், பின்சக்கரம் நூறு வெட்டுக்கிளி ஒன்றாகக் கத்துவதுபோல் கடகடவென்று கத்துகிறது. மாடு மிரள்கிறது, நாய் துரத்துகிறது, எல்லையம்மன் கோயில் பூசாரி மணியைக் கீழே போட்டார். இறங்கிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பெட்டிக்குள் கிடந்து, விமானத்தில் வந்து, சித்திரை வைகாசி வெயிலில் காய்ந்து சக்கரம் சுருங்கிவிட்டது, பொருத்தெல்லாம் ஆடுகிறது. இது தெரியாதா எனக்கு? கோடையில் வண்டிச் சக்கரம் கடகடத்தால் கழற்றித் தண்ணீரில் ஊறப்போடுவோம். கட்டை ஊறிப் பருத்து, இரும்புப் பட்டையைக் கவ்விக்கொள்ளும், சத்தம் அடங்கிவிடும். எந்தச் சக்கரமும் ஊறினால் வாயை மூடும் என்று கலைமகளிடம் சொன்னேன். அவள், “இது கட்டை இல்லையே மாமா” என்றாள். “கரிங்கிறது கட்டைலேருந்து வந்ததுதானேம்மா?” என்றேன். பெட்டியோடு வந்த சாவியை வைத்து அவள்தான் கழற்றிக் கொடுத்தாள். இதை எழுதும்போது கை நிற்கிறது அவளுக்கு, எழுதும்மா.

மதகடியில் கோடையிலும் வற்றாத ஒரு பள்ளம் உண்டு, உனக்கே தெரியும், நீ முதல்முதலில் முழுகப் போன இடம். அதில் போட்டேன். மிதந்தது. தண்ணீரில் போட்டால் முழுகக்கூடத் தெரியாத சக்கரத்தை நான் பார்த்ததில்லை. கண்ணாத்தாளின் பாதி அம்மியைத் தூக்கி வந்து அதன்மேல் வைத்து அமுக்கினேன். மேட்டூரை இந்த வருஷம் ஜூன் பன்னிரண்டுக்கே திறந்துவிட்டார்கள், நல்லது. திறந்த இருபதாம் நாளுக்கு முன்னால் நம் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததாக அறுபது வருஷத்தில் எனக்கு ஞாபகம் இல்லை. எந்தெந்த வருஷம் எத்தனையாம் நாள் வந்தது என்று வேண்டுமானால் இப்போதே சொல்வேன். அந்தத் தெம்பில் பத்து நாள் ஊறட்டும் என்று விட்டேன். இந்த வருஷம் வாய்க்காலைத் தூர் வாரியிருந்தார்கள். பன்னிரண்டாம் நாளே வந்துவிட்டது. ஊறப்போட்டு மூன்றாம் நாள் காலை, நுரையும் சருகும் காலி பாட்டிலுமாகத் தண்ணீர் வருவதை ஊரே நின்று கும்பிட்டது, நான் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதகுக்கு ஓடினேன். அம்மி புரண்டு கிடந்தது. உலகத்தில் நாலே ஜோடி இருக்கிற சக்கரத்தில் ஒன்று, ஆகாயத்தாமரைக்கு நடுவில் தாம்பாளம்போல மல்லாந்து மிதந்து, கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

கரையோடு ஓடினேன் மாப்பிள்ளை. எல்லைக்கல்வரைக்கும் ஓடினேன். அங்கே நின்றுவிட்டேன். கல்லுக்கு அந்தப் பக்கம் சேக் தாவூதின் வயல். எம்.ஜி.ஆர். செத்த வருஷம், குறுவை இல்லாமல் சம்பாவுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்ட வருஷம், நம் முறை முடிந்ததா இல்லையா என்று இரண்டு ஊரும் அந்த மதகில் மண்வெட்டியோடு நின்றோம், பதினோரு பேர். தாவூது மதகுப் பலகையை மேலே இழுத்தான், நான் கீழே அமுக்கினேன். பலகை முறிந்தது. தண்ணீர் எங்களுக்கும் இல்லாமல் அவர்களுக்கும் இல்லாமல் வடிகாலில் போனது. அதுவரைக்கும் ஒரே வண்டியில் சந்தைக்குப் போனவர்கள் நாங்கள். அன்றிலிருந்து பேச்சு இல்லை, முப்பத்தெட்டு வருஷமாக நான் அந்தக் கல்லைத் தாண்டியதில்லை. உன் சக்கரம் தாண்டிவிட்டது.

தாவூதிடம் கேட்டு வரக் கலைமகளை அனுப்பினேன். வெறுங்கையோடு வந்தாள். “சக்கரம் பத்திரமா இருக்காம் மாமா. ஆனா போட்டவரே வந்துதான் எடுக்கணுமாம்” என்றாள். போகாவிட்டால் உன் வேலை போகும், போனால் என் முப்பத்தெட்டு வருஷம் போகும். தங்கமணி ‘அண்ணே’ என்றது காதிலேயே நின்றது. மறுநாள் காலை சட்டை போட்டுக்கொண்டு, கல்லைப் பார்க்காமலே தாண்டிப் போனேன். தாவூது மோட்டார் கொட்டகை வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எண்பத்தொன்று ஆகிறது, என்னைவிடக் காது கேட்கிறது.

“வாய்யா துரைராசு. ஒத்தைச் சக்கரத்த அனுப்பியிருக்கே. மீதி வண்டி எப்ப வரும்?”

“வம்பு பேச வரல. குடு, போறேன்.”

“எதுக்குத் தண்ணீல போட்டே?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு, “கடகடன்னுச்சு. ஊறப்போட்டேன்” என்றேன்.

சிரிப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. “எத்தன நாளு ஊறுச்சு?”

“மூணு.”

“மூணு நாள் எப்படிய்யா பத்தும்? எங்க அத்தா பத்து நாள் போடுவாரு. நானும் சுத்திப் பாத்தேன், தாளம் போடுது. அதான் எங்க குளத்துல போட்டுக் கல்ல வச்சிருக்கேன். இன்னும் ஏழு நாள் கெடக்கட்டும். அதுக்கு முன்னாடி எடுத்தீன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

என்ன சொல்வது மாப்பிள்ளை? சரியாகத்தானே சொல்கிறான்! அவனை நம்பி விட்டுவிட்டு வர முடியுமா? ஏழு நாளும் தினம் காலையில் போய்க் குளக்கரையில் காவல் உட்கார்ந்தேன். அவன் என்னைக் காவல் காத்தான். அவன் சம்சாரம் ஷம்சாத் இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “இந்தச் சண்டையக் கேட்டு எத்தன வருஷமாச்சு” என்று சொல்லிவிட்டுப் போகும். சண்டைதான். அன்றைக்கு முறை யாருடையது என்று முதல் நாள் ஆரம்பித்தது ஏழாம் நாளும் முடியவில்லை. எட்டாம் நாள் எடுத்து மாட்டிப் பார்த்தோம். சத்தம் அடியோடு நின்றுபோயிருந்தது. ஊறினால் வாயை மூடும் என்று சொன்னேனா இல்லையா? ஆனால் சைக்கிளும் நின்றுபோயிருந்தது. எவ்வளவு மிதித்தாலும் மிதிதான் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை. உள்ளே முழுக்க வண்டல் அடைத்துக்கொண்டதாம், சதீஷ் ஒற்றைக் கையால் தலையில் அடித்துக்கொண்டான். “முறை எங்களுதுன்னு ஒத்துக்கிட்டிருந்தா இந்த வண்டல் வந்திருக்காது” என்றான் தாவூது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, என்னால் இதற்குமேல் முடியாது. உடம்பும் முடியவில்லை, மனசும் முடியவில்லை. சக்கரம் இரண்டும் காணாமல் போகாமல் கையில் இருக்கின்றன. கழுவித் துடைத்துப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். பாதித் தாள்தான் எழுதியிருக்கிறது. மீதியை நீயே உன் முதலாளி காலில் விழுந்து சமாளித்துக்கொள். இனி என்னைச் சைக்கிளில் ஏறச் சொல்லாதே. அந்த எல்லைக்கல்லைத் தாண்டுவதும் இதோடு சரி. தங்கமணியைக் குளிரில் வெளியே விடாதே. நீயும் உன் சம்சாரமும் பிள்ளைகளும் நெல் மாதிரி தழைத்து, குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமன் துரைராசு

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் ஒரு விஷயம். பெட்டியை அனுப்பவில்லை. சதீஷ் பின்சக்கரத்துக்குள் இருக்கிற பல்லுகளையெல்லாம் கழற்றி, டீசலில் கழுவி மாட்டிவிட்டான். சக்கரம் பழையபடி ஓடுகிறது, பழையபடி கத்துகிறது. அது கத்துகிற சக்கரம்தானாம், அப்படித்தான் செய்திருக்கிறார்களாம், இதை நீ முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். கடைசிப் பக்கத்தைக் கலைமகள் இப்போதுதான் படித்தாள். அந்தத் தடத்தை நன்றாக அறிந்த இன்னொருவரும் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் தாள் செல்லுமாமே? தடம் என்றால் நம் மதகும் வாய்க்கால் கரையும்தான். அதை அடி அடியாக அறிந்தவர்கள் அன்றைக்கு அங்கே நின்ற பதினோரு பேர். யோசித்துப் பார்த்தேன். மாணிக்கம் பாம்பு கடித்துப் போனான். ஜெக்கரியா சவூதிக்குப் போய் அங்கேயே அடங்கினார். சாமியப்பன் கஜாவில் தென்னை விழுந்து செத்தான். ஹஸ்ஸான் கொரோனாவில் போனார், முகம்கூடப் பார்க்கவில்லை. இன்னும் ஐந்து பேர் அவரவர் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தார்கள். காலையில் நான் முன்னால் ஓட்டிப்போய் எல்லைக்கல் தாண்டிச் சைக்கிளைக் கொடுக்கிறேன், அங்கிருந்து ஓட்டுவதற்கு ஆள் சட்டை போட்டுக்கொண்டு நிற்பதாகத் தகவல் வந்துவிட்டது. ‘இரண்டாவது ஓட்டுநர்’ என்ற இடத்தில், அந்தப் பதினோரு பேரில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருக்கிற ஒரே ஆளின் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன்: சேக் தாவூது.